பின்சீட் இல்லாத கார்

நான் லிஃப்ட் பாதுகாப்பு ஆய்வாளர். காலையில் மேலே போவேன், கீழே வருவேன். சாப்பிட்டுவிட்டு மறுபடி மேலே, மறுபடி கீழே. உத்தியோகத்தில் நான் உச்சியைத் தொடாத நாளே கிடையாது. தொட்ட கையோடு தரைத்தளத்துக்கு வந்து சேராத நாளும் கிடையாது. இப்படியே ரிட்டயர் ஆகிவிடுவேனோ என்று திடீரென்று ஒரு பயம் வந்தது. மனுஷன் என்று இருந்தால் ஒரு தடவையாவது நேராக முன்னால் போக வேண்டாமா?

அன்றைக்கே சாப்பாட்டு மேசையில் அறிவித்துவிட்டேன்.

"ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு வாடகைக்கு எடுக்கப் போறேன். கடலோர ரோட்டுல, ரோடு முடியற வரைக்கும் போறோம். கூரையைத் திறந்து விட்டுட்டு ஒரே பறப்பு."

மனைவி தட்டு துடைப்பதை நிறுத்தவில்லை.

"யாரு ஓட்டறது?"

"நான்தான்."

"ஓ."

இந்த 'ஓ'வைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் மனைவி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். இந்த ஊரில் பாதிப் பேருக்குக் கிளட்ச் எது, பிரேக் எது என்று காட்டிக் கொடுத்தவள் அவள்தான். மீதிப் பாதிப் பேர் அவர்களைப் பார்த்து ஒதுங்கி நடந்தே உயிர் பிழைத்தவர்கள். அவள் 'ஓ' என்றால் லைசன்ஸ் தேர்வில் ஃபெயில் என்று அர்த்தம்.

"எத்தனை சீட்டு?" என்றாள்.

"ரெண்டே ரெண்டு. ஸ்போர்ட்ஸ் கார்னா அப்படித்தான். பின்சீட்டே கிடையாது."

"இந்த வயசுல எதுக்கு இந்த ஆசை?"

"வேகம்," என்றேன். "ரத்தத்துல இன்னும் சூடு இருக்கு."

உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன். வேகம் எனக்குப் பிடிக்கும்தான். ஸ்டியரிங் கைக்கு வந்தால் கொஞ்சம் வீரம் தலைக்கேறிவிடும். ஆபீஸ் ஜீப்பில் என்னோடு வருகிற சக ஊழியர் சீட் பெல்ட்டைப் போட்டதும் கண்ணையும் மூடிக்கொள்வார். ஆனால் இந்தக் கார் வேகத்துக்காக இல்லை. அதில் பின்சீட் இல்லை என்பதற்காக. எனக்கு என் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டுக் காரும் டிரைவிங் ஸ்கூல் காரும் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை கூரைமேல் இருக்கிற போர்டைக் கழற்றி வைத்தால் அது குடும்பக் கார். அவள் ஓட்டுவாள். எங்களோடு இருக்கிற மாமியாருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தால் குமட்டும், அதனால் அவர் முன்சீட்டில். நான் பின்னால், பைகளோடு பையாக. கல்யாணமான புதிதில் சில வாரம் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அப்புறம் இந்தக் குமட்டல் வந்தது, நான் பின்னால் போனேன், போனவன் போனவன்தான்.

என் மனைவியின் பின்னந்தலையை என்னைப் போல அறிந்தவன் உலகத்தில் கிடையாது. காதோரம் முதல் நரை வந்ததை அவளுக்கு முன்னால் பார்த்தவன் நான். ஆனால் அந்தச் சில வாரத்துக்குப் பிறகு ஓடுகிற காரில் அவள் முகத்தை மட்டும் பார்த்ததில்லை. பேசலாம் என்றால் அதுவும் முடியாது. "அங்க பாரு, கொக்கு" என்பேன். "என்னது?" என்பாள். "ஒண்ணுமில்ல, போயிடுச்சு" என்பேன். இத்தனை வருஷத்தில் எங்கள் காதல் வசனம் இதுதான்.

வாய்விட்டுக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். வயசான அம்மாவைக் குமட்ட விட்டுவிட்டு மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்தான் என்ற பெயர் எனக்கு வேண்டாம். தவிர, வெட்கம். லிஃப்ட் நடுவில் நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று கூட்டம் போட்டு மைக்கில் பேசுவேன். 'உன் பக்கத்தில் உட்காரணும்' என்று வீட்டுக்குள் சொல்ல வராது.

ஆக, திட்டம் தயாரானது. கார் வாடகைக்கு விடுகிறவன் அவளுடைய பழைய மாணவன். படிக்கிற காலத்தில் அவள் காரின் கிளட்ச்சைத் தேய்த்தே தீர்த்தவன் என்பதால் வீட்டில் அவனுக்குக் கிளட்ச் என்றே பெயர். அந்தக் கார் அவன் ஷெட்டில் நின்றது. தக்காளி நிறம். தரையோடு தரையாகப் பதுங்கி இருந்தது. ஏறுகிற கார் இல்லை, இறங்கி உட்காருகிற கார்.

"மேடம் ஓட்டறாங்கன்னா தரேன் சார்," என்றான் கிளட்ச்.

"நான் ஓட்டறேன்பா."

அவன் காரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "மேடம் பக்கத்துல இருப்பாங்க இல்ல?"

"அதுக்குத்தானே எடுக்கறதே," என்று வாய் வரை வந்தது. முழுங்கிவிட்டு, "இருப்பாங்க," என்றேன்.

அடுத்து வரைபடம். மேசை முழுக்க விரித்து வைத்து, வடக்கே போவதா தெற்கே போவதா என்று இரண்டு சாயங்காலம் யோசித்தேன். வடக்கே போனால் கடல் ஓட்டுகிறவன் பக்கம் வரும். தெற்கே போனால் பக்கத்து சீட்டில் இருப்பவர் பக்கம். தெற்கு என்று முடிவு செய்தேன்.

"எதுக்குத் தெற்கு?" என்றாள் மனைவி.

"காத்து. வடக்கே போனா எதிர்க்காத்து."

"கூரை திறந்த கார்ல எந்தப் பக்கம் போனாலும் எதிர்க்காத்துதான். சரி, துணிமணியெல்லாம் எங்க வைக்கிறது? கிளட்ச் சொன்னான், டிக்கியில ஒரு தர்பூசணி வெச்சா மூட முடியாதாம்."

"ஆளுக்கு ரெண்டு உடுப்பு போதும்."

"சீப்பு?"

"ஒண்ணு. பொதுவா வெச்சுக்கலாம்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். வேகத்துக்கு ஆசைப்படுகிறவன் சீப்பில் ஏன் சிக்கனம் பிடிக்கிறான் என்று யோசித்திருப்பாள்.

"அம்மாவை என்ன பண்றது?" என்றாள் கடைசியில்.

இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். அவளுடைய தம்பி பக்கத்து ஊரில் லாண்டரி வைத்திருக்கிறான். அவனைக் கையைக் காலைப் பிடித்து ஏற்கெனவே சம்மதிக்க வைத்திருந்தேன்.

"உன் தம்பி வந்து கூட்டிட்டுப் போறானாம். பாவம், அவனா கேட்டான்."

"அவனாவா?"

"அவனாத்தான்."

"ஓ."

புறப்படுகிற காலையில் கிளட்ச் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டு, அதன் மூக்கை ஒரு தடவை தடவிக் கொடுத்துவிட்டுப் போனான். பின்னாலேயே மைத்துனனின் வேன் வந்தது. முன்சீட்டில் ஏதோ ஓட்டலுக்குப் போக வேண்டிய இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைகள் அடுக்கடுக்காக உட்கார்ந்திருந்தன. மாமியார் கையில் ஒரு வாரப் பத்திரிகையோடு நடந்து போய், பின்கதவைத் திறந்து, பின்சீட்டில் வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

எனக்குப் பதறிவிட்டது. ஓடினேன்.

"அத்தை, அங்க வேண்டாம். டேய், அந்தச் சட்டையெல்லாம் எடுத்துப் பின்னாடி போடு."

"கசங்கிடும் மாமா," என்றான் மைத்துனன்.

"கசங்கட்டும். உங்கம்மாவுக்குப் பின்சீட்டுல குமட்டும்னு தெரியாது?"

"யாருக்குக் குமட்டும்?" என்றார் மாமியார்.

"உங்களுக்குத்தான் அத்தை."

"எனக்கா? நான் கப்பல்லயே புத்தகம் படிச்சவ மாப்பிள்ளை." அவர் என் தோளுக்கு மேலாகத் தன் மகளைப் பார்த்தார். "ஏண்டி, இன்னுமா நீ சொல்லல? முன்னாடி உட்கார்ந்து உட்கார்ந்து, வெயில் பட்டு என் ஒரு பக்கக் கன்னமே கறுத்துப் போச்சு. இனிமே என்னால நடிக்க முடியாதும்மா."

சொல்லிவிட்டுப் பத்திரிகையைப் பிரித்தார். வேன் போய்விட்டது. நான் மனைவியைப் பார்த்தேன். அவள் ஸ்போர்ட்ஸ் காரின் கண்ணாடியில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன நடிப்பு?" என்றேன்.

"கோவிச்சுக்கக் கூடாது."

"மாட்டேன்."

"நம்ம கார்ல பக்கத்து சீட்டுலயும் ஒரு பிரேக் இருக்கில்ல? கத்துக்கறவங்க தடுமாறினா நான் மிதிக்கறதுக்கு?"

"ஆமா."

"கல்யாணமான புதுசுல நீங்க அதை மிதிச்சுக்கிட்டே வந்தீங்க."

"ஏதாவது குறுக்க வந்திருக்கும்."

"பலூன் வந்துச்சு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் குடையை விரிச்சார், அதுக்கு ஒரு மிதி. மேம்பாலத்துல நட்ட நடுவுல நிறுத்தினீங்களே, எதுக்குன்னு கேட்டதுக்கு, 'இவ்வளவு உயரம்'னு சொன்னீங்க. பின்னாடி வந்த பால் வண்டிக்காரர் இறங்கி வந்து என்னைத்தான் திட்டினார். டிரைவிங் ஸ்கூல் போர்டு வேற தலைமேல."

"பாதுகாப்பு என் உத்தியோகம்," என்றேன்.

"தெரியும். அதனாலதான் நேரா சொல்ல மனசு வரல. நீங்க வாடிப் போவீங்க. அம்மாவுக்குக் கால் எட்டாது, அதான் அவங்களை முன்னாடி உட்கார வெச்சேன்."

ஆக, மாமியாரின் குமட்டலுக்குக் காரணம் பின்சீட் இல்லை. என் கால். இத்தனை வருஷம் எலுமிச்சம்பழமும் பிளாஸ்டிக் பையுமாக நான் தயாராக இருந்தது ஒரு நாடகத்துக்கு. கோபம் வந்தது. ஆனால் என்னை வாடவிடக் கூடாது என்று ஒருத்தி இவ்வளவு காலம் தன் அம்மாவை வெயிலில் காய வைத்திருக்கிறாள் என்று தோன்றியதும் கோபம் தங்க மாட்டேன் என்றது.

"அப்போ இந்தக் காரையும் நீயே ஓட்டு," என்றேன், ஒரு வீம்புக்கு.

"வேண்டாம். நீங்களே ஓட்டுங்க. உங்க காலுக்கும் நிஜமா ஒரு வேலை இருக்கட்டும்."

காருக்குள் இறங்கினோம். இடுப்பு இரண்டு தடவை முறையிட்டது, முழங்கால் ஒரு தடவை. அவள் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டாள். பெரிய கறுப்புக் கண்ணாடி ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டாள். சீட்டைச் சாய்த்துக்கொண்டாள்.

"கொஞ்சம் கண் அசரறேன். நீங்க பறங்க," என்றாள்.

ஊர் எல்லை தாண்டுவதற்குள் அவள் தலை என் பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

ஓடுகிற வண்டியில் அவள் கண் மூடி யாரும் பார்த்ததில்லை. நாளெல்லாம் அடுத்தவர் ஓட்டுகிற காரில் கால் நுனியில் உயிரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள். பஸ்ஸில் போனால்கூட டிரைவருக்கு மனசுக்குள் மார்க் போட்டுக்கொண்டே வருவாள். அவள் என்னை நம்பித் தூங்குகிறாள். எந்த மேலதிகாரியும் எனக்கு இப்படி ஒரு சான்றிதழ் கொடுத்ததில்லை.

காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்துவிட்டேன்.

குழி வந்தால் சுற்றிக்கொண்டு போனேன். ஹாரனைத் தொடவில்லை. ஐஸ் வண்டி முந்தியது. டிராக்டர் முந்தியது. அப்புறம் சைக்கிளில் ஒரு மீன்காரர் பக்கத்திலேயே வந்து, உயரத்திலிருந்து குனிந்து, "ரிப்பேரா சார்?" என்றார். உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினேன். அவர் தூங்குகிறவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டு மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

அவள் முகத்தைத் தாண்டிக் கடல் கூடவே வந்தது. காற்று அந்தத் தலைத்துணியின் நுனியை என் தோளில் போட்டது, எடுத்தது. நான் கெஞ்சி, திட்டம் போட்டு, வாடகை கொடுத்து வாங்கிய இடம் இதுதான். இப்போது யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. தூங்குகிறவளிடம் சொல்ல என்ன வெட்கம்?

"வேகத்துக்காக இல்ல," என்றேன் மெதுவாக. "உன் பக்கத்துல உட்காரத்தான் இந்தக் கார். தெற்கே வந்தது காத்துக்காக இல்ல, கடல் உன் பக்கம் வரணும்னு. உன் தம்பி தானா கேட்கல, நான்தான் கெஞ்சினேன். அப்புறம்... அந்த நரை உனக்கு அழகாத்தான் இருக்கு. நீ சாயம் போட்டப்பவெல்லாம் எனக்கு வருத்தமா இருந்துச்சு. பின்னாடி உட்கார்ந்து வேற என்னத்தைப் பார்க்கறது நான்?"

இப்படி என்னென்னவோ. வாய் திறந்துவிட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

தங்க வேண்டிய ஊருக்கு, போய்ச் சேர வேண்டிய நேரத்தைவிட வெகு தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். தங்கும் விடுதி வாசலில் நிறுத்தினேன். அவள் சோம்பல் முறித்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். கண்ணில் தூக்கத்தின் சுவடே இல்லை.

"அந்த மஞ்சப் படகுமேல ஒரு நாய் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்துச்சே, பாத்தீங்களா?" என்றாள்.

அந்த மஞ்சள் படகை நாங்கள் தாண்டியது பாதி வழியில்.

"நீ தூங்கலையா?"

"நீங்க ஓட்டற கார்லயா?" கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தாள். "நான் முழிச்சிருந்தா நீங்க பறப்பீங்க. தூங்கினா மெதுவா ஓட்டுவீங்க. மெதுவா ஓட்டினாத்தானே கடலைப் பார்க்க முடியும்?"

எனக்குக் காது வரைக்கும் சூடு ஏறியது. ரத்தத்தில் சூடு இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா, அது சரிதான்.

"அப்போ... நான் பேசினதெல்லாம்?"

அவள் இறங்கி என் பக்கம் வந்தாள். காரிலிருந்து எழ எனக்குக் கை கொடுத்தாள். எழுந்த பிறகும் கையை விடவில்லை.

"நாளைக்கும் தூங்கறேன்," என்றாள். "மிச்சத்தையும் சொல்லிட்டு வாங்க."