பேப்பரில் போட்டபடி நின்றுபோன கரண்ட்

வேம்பங்குடி,
(வழி) உச்சிப்புளி.

மதுரையில் இருக்கும் மாப்பிள்ளை மலையாண்டி அவர்களுக்கு மச்சான் உக்கிரபாண்டி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அக்கா ராமலெட்சுமியும் உங்கள் மருமகள் கலைச்செல்வியும் சுகம். எங்கள் ஊர் மின்சாரத்தின் சுகத்தை மட்டும் விசாரிக்க வேண்டாம்.

நீங்கள் பார்த்து அனுப்பிய சென்னை வரன் கைநழுவிப் போய்விட்டது. காரணம் ஜாதகம் இல்லை, எங்கள் மின்சார ஆபீசுக்குப் புதிதாக வந்திருக்கும் இன்ஜினியர் அம்மா. இந்தக் கடற்கரையில் கம்பியெல்லாம் உப்புப் படிந்து கிடக்கிறது. தூறல் விழுந்தால் கரண்ட் போகும், பெருமழை வந்து கழுவிவிட்டால் திரும்பி வரும். ஆபீசில் இத்தனை பேர் நாற்காலி தேய்க்க, வேலை பார்ப்பது மழை ஒன்றுதான். மற்ற நாளில் காற்றடித்தாலும் போகும், அடிக்காவிட்டாலும் போகும். போகவே போகாத நாள் மாதத்தில் ஒன்றே ஒன்று: ‘பராமரிப்புப் பணி, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்தடை’ என்று பேப்பரில் போடுகிறார்களே, அந்த நாள். அன்றைக்கு எந்த மகராசனும் கம்பத்தில் ஏறியதில்லை, ஏறினால்தானே நிறுத்துவதற்கு? ஆறு வருஷமாக எங்கள் ஊரில் காதுகுத்து, நிச்சயம் எல்லாம் பஞ்சாங்கத்தோடு அந்த அறிவிப்பையும் பார்த்துத்தான் வைக்கிறோம். பெண் பார்க்க வர நானும் அப்படித்தான் நாள் குறித்தேன்.

அன்று காலை ஒன்பது மணிக்கு, ஒரு நிமிஷம் முன்பின் இல்லாமல், ஃபேன் நின்றது. தெருவுக்கு ஓடினேன். லைன்மேன் காளீஸ்வரன் கம்பத்து உச்சியில் துணியும் கையுமாக உப்பைத் துடைத்துக்கொண்டிருக்கிறான்!

“ஏலே, பேப்பர்ல போட்ட அன்னைக்கே நிறுத்துறியே, இது ஒனக்கே நல்லாருக்கா?”

“நான் என்ன செய்ய மாமா? அந்தம்மா கீழயே நிக்கிறாக. சொன்னாச் சொன்னபடி செய்யணுமாம்!”

கேட்டீர்களா மாப்பிள்ளை? ஆபீஸ்காரர்கள் சொன்னபடி செய்ய ஆரம்பித்தால் மனுஷன் எதை நம்பி நாள் குறிப்பது?

பத்து மணிக்குச் சென்னைக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். மோட்டார் ஓடாததால் தொட்டியில் தண்ணீர் இல்லை, குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது, அந்தக் காற்று ஹாலுக்குள் வந்திருந்தாலும் புண்ணியமாக இருந்திருக்கும். கைகழுவ, கிணறு உள்ள பக்கத்து வீட்டு ஹமீது பாயிடமிருந்து குடத்தில் தண்ணீர் வந்தது. செல்போன் டவரும் படுத்துவிட்டது. பையன் வினோத்குமார் பெண்ணைப் பார்க்கவில்லை, ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டுகிறதே என்று கலைச்செல்வி விசிறியை நீட்டினாள். அதைப் பையன் வாங்கித் தனக்கு வீசிக்கொண்டார். பாவம், ஏசியிலேயே இருந்த உடம்பு. “தலைதீபாவளிக்கு இங்க வந்து எப்படித் தங்குறது?” என்று கேட்டுவிட்டுக் காரில் ஏறியவர்தான். நாலாவது வரன், மாப்பிள்ளை. உங்கள் அக்கா அழுதுகொண்டே கேசரியைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தாள்.

ஆகவே, பெரிய ஆபீசில் உங்களுக்குத் தெரிந்தவரைப் பிடித்து, சொன்னதைச் செய்யும் இந்த அம்மாவை உடனே வேறு ஜில்லாவுக்கு மாற்றச் சொல்லுங்கள். பழையபடி ஒரு சோம்பேறியை அனுப்பினால் ஊரே கும்பிடும்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசி. உங்கள் வீட்டு விளக்கு அணையாமல் எரியட்டும். மதுரையில் அதற்கு வசதி உண்டு.

இப்படிக்கு,
உக்கிரபாண்டி

பி.கு.: தபாலில் போடும் முன் கலைச்செல்வி இதை வாங்கிப் படித்தாள். “அந்தம்மாவ மாத்த வேணாம் அய்யா. அன்னைக்குக் கண்டிப்பா கரண்ட நிறுத்தி வேலை பாக்கணும்னு மனுக் குடுத்ததே நாந்தான்” என்கிறாள். எதற்கடி என்று கத்தினேன். “கரண்டு இருக்கையில எல்லாரும் நல்லவுகதான். பெத்த தாய் வேர்த்துக் கெடக்க, விசிறிய வாங்கித் தனக்கு வீசிக்கிட்டாரே, அவரு நாளைக்கு எனக்கு என்ன செய்வாரு?” என்றாள். மாற்றல் விஷயத்தை அப்படியே விட்டுவிடுங்கள். அடுத்த மின்தடை பதினேழாம் தேதி என்று போட்டிருக்கிறது. வேறு வரன் இருந்தால் அன்றைக்கே வரச் சொல்லுங்கள். உச்சி வெயிலுக்கு வந்தால் நல்லது.