நான் வெட்டிய மூன்றாவது பத்து

படித்தவன் மாமியார் வீட்டில் வாயைத் திறக்கவே கூடாது. (சோற்றைத் தின்றுவிட்டு எழும்பிப் போயிருந்தால் இதை எழுதவேண்டிய தேவையே வந்திராது.) எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். அப்படி நான் சாய்ந்தமருதில் என் மனைவியின் வீட்டுக்குப் போய் எட்டு மாதமாகியிருந்தது. எனக்கு வயலும் தெரியாது, கடலும் தெரியாது. தண்ணீர் மோட்டார் பழுதானால் பக்கத்தில் நின்று டோர்ச் பிடிக்க மட்டும் தெரியும். கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் நஞ்சு பற்றி வேலை செய்கிறான் என்பதுதான் அந்த வீட்டில் எனக்கிருந்த ஒரே மரியாதை.

ஓர் இரசாயனம் மனித உடம்புக்குள் எவ்வளவு போனால் பிழையில்லை என்று கணக்கிடுவது என் தொழில். எலிக்குக் கொடுத்துப் பார்த்து, அதற்கு ஒன்றும் செய்யாத அளவை எடுப்போம். எலி வேறு, மனிதன் வேறு என்பதால் அதைப் பத்தால் வகுப்போம். மனிதர் எல்லோரும் ஒரேபோல் இல்லை என்பதால் இன்னொரு பத்து. குட்டி எலிகளில் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்றால் மேலும் ஒரு பத்து. தெரியாததற்கெல்லாம் வைக்கும் இந்த இடைவெளிக்கு நிச்சயமின்மைக் காரணி என்று பெயர். பெயர் பெரிதாக இருப்பதால் அதைச் சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது என் வழக்கம்.

என் மனைவியின் தங்கை பர்வீனுக்குப் பெண் பிள்ளை கிடைத்திருந்தது. நாற்பதாம் நாள் விருந்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது, மாமா வயலுக்கென்று வாங்கி வைத்திருந்த பூச்சிமருந்துக் கேன் கிணற்றடியில் சரிந்து ஊற்றுண்டுவிட்டது. எங்கள் மண் கடல் மணல். ஊற்றியது எதுவும் மேலே நிற்காது. அன்றே கிணற்றை மூடிவைத்து, பக்கத்து வளவுகளில் இருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தார்கள். நான் ஒரு போத்தலில் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கொழும்புக்கு ஓடினேன்.

விருந்துக்கு முதல் நாள் காலை முடிவோடு வந்து இறங்கினேன். பின்வளவில் உரித்த வெங்காயம் குவிந்து கிடந்தது. எந்தத் தண்ணீரில் சோறாக்கும் கிடாரத்தைக் கழுவுவது என்று சமையற்காரர் மூன்றாம் முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் நடு வீட்டில் தாளை விரித்து, கண்ணாடியைத் துடைத்து, எலியிலிருந்து ஆரம்பித்தேன். மூன்று பத்தும் போட்டால் கிணறு தேறாது, இரண்டு போட்டால் தேறும் என்பதையும் சொல்லித் தொலைத்தேன். (யாராவது கேட்டார்களா?)

மாமா தாளை எட்டிப் பார்த்தார். “இந்த மூண்டாவது பத்து என்னத்துக்கு மருமகன்?”

“அது தெரியாததுக்குப் போடுற மாமா.”

“தெரியாதெண்டா அத ஏன் கணக்குல போடுற?”

வீடே சிரித்தது. சமையற்காரரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் என் பட்டமும் பதவியும் வெங்காயத் தோலோடு சேர்ந்து பறந்தன. எனக்குக் காது சுட்டது. பேனையை எடுத்து மூன்றாவது பத்தைக் குறுக்கே வெட்டினேன். “குடிக்கலாம்” என்றேன். மாமா என் தோளில் தட்டினார். எட்டு மாதத்தில் அதுதான் முதல் தட்டு. வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது.

பர்வீனுக்குத் தாய்ப்பால் போதாமல், பிள்ளைக்கு மாப்பாலும் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அறை வாசலில் நின்று கேட்டாள்.

“மச்சான், புள்ளைக்கும் குடுக்கலாமா?”

“ஓம், குடுங்க” என்றேன்.

விருந்து குறையில்லாமல் முடிந்தது. தின்றவர் யாருக்கும் ஒன்றுமில்லை. நான் இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் காலை பிள்ளை பாலைக் கக்கியது. பிறகு வாயால் நீர் ஒழுகி, கை கால் துவண்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் ஆறு நாள் வைத்திருந்தார்கள். தண்ணீரால்தானா என்று டொக்டரிடம் கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், எனக்குத் தெரியாது என்றார். ஒரு கூச்சமும் இல்லாமல் சொன்னார். அந்த ஒரு சொல்லை நடு வீட்டில் வைத்துச் சொல்லத்தான் எனக்கு வெட்கமாக இருந்தது.

பர்வீன் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாலாம் நாள், வார்டுக்கு நான் சாப்பாடு கொண்டுபோனபோது ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அண்டைக்கு ஒரு பத்த வெட்டினீங்களே மச்சான், அது ஆருக்கெண்டு வெச்ச பத்து?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “சின்னப் புள்ளைகளுக்கு” என்றேன். அவள் சாப்பாட்டை வாங்கி வைத்துவிட்டுப் பிள்ளைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை தப்பியது. ஹனாவுக்கு இப்போது ஏழு வயது. என்னைப் பெரியவாப்பா என்று கூப்பிட்டுக்கொண்டு முதுகில் ஏறுவாள். அந்தக் கிணற்றை மாமா அந்த மாதமே தூர்த்துவிட்டார். ஆனால் எங்கள் குடும்பத்தில் கல்யாணமோ, மௌத்தானவர்களுக்கு ஓதும் கத்தமோ எது நடந்தாலும், யாராவது ஒருவர் முதல் குவளைத் தண்ணீரை என்னிடம்தான் நீட்டுவார். “நீங்க குடிங்க மருமகன், நாங்க பொறகு குடிக்கம்” என்பார் மாமா. சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். நானும் சிரித்துக்கொண்டே குடித்துவிடுவேன்.

பர்வீன் மட்டும் சிரிப்பதில்லை. கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருப்பாள். அதற்குப் பிறகுதான் மகளுக்குத் தண்ணீர் வார்ப்பாள்.