நத்தை கொண்டுவந்த தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு, அக்கா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நீயும் உன் மனைவியும் சுகமாக இருப்பீர்கள். அதற்காகத்தான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். இந்த ஒரு வாரமாக வேண்டுதலில் உன் பெயர் வரும் இடத்தை மட்டும் கொஞ்சம் வேகமாகக் கடந்துவிடுகிறேன்.

போன வருஷம் நீ வந்தபோது, சும்மா கையை வீசிக்கொண்டு வராமல், ஒரு கண்ணாடிச் சாடியில் இரண்டு மஞ்சள் நத்தைகளைக் கொண்டுவந்தாயே, "மீன் தொட்டிப் பாசியெல்லாம் இதுங்களே தின்னுடும்க்கா, உனக்குத் தேய்க்கிற வேலை மிச்சம்" என்று, அந்தப் பாசி அப்படியே இருக்கிறது. நத்தைகளின் வம்சம்தான் இப்போது வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால் முழுக்க, அங்கிருந்து மடை வழியாகப் பக்கத்து வயல் முழுக்க. வயல்காரர் நட்ட நாற்றை நாலே நாளில் கத்தரித்த மாதிரி தின்று தீர்த்தன. மறுபடி நட்டார், மறுபடி தின்றன. விவசாய அதிகாரி வந்து வாத்து விடச் சொன்னார். வாத்துகள் குட்டி நத்தைகளைத் தின்றுவிட்டு, பெரியதைக் கண்டு ஒதுங்கி, மிச்சமிருந்த நாற்றை மிதித்துப் போட்டன. அப்புறம் மருந்து போடச் சொன்னார். மீனெல்லாம் செத்து மிதந்தது, நத்தை மட்டும் மூடியைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டது. கடைசியில், தண்டில் ஒட்டியிருக்கும் இளஞ்சிவப்பு முட்டைக்கொத்துகளை வீட்டுக்கு ஒரு வாளி சுரண்டிக் கொண்டுவர வேண்டும் என்று தெருவே கூடி முடிவெடுத்தது. எண்ணி எழுத ஆள் வேண்டுமாம். பழைய பேப்பரைப் படித்தே எழுத்துக் கற்றவள், கணக்கில் பிசகாதவள் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். எதிர்வீட்டுத் தையல்காரர் ஒரே வாளியை இரண்டு தடவை கொண்டுவருகிறார். கேட்டால், எண்ணிக்கை ஏறினால் தெருவுக்குத்தானே பெருமை என்கிறார். நசுக்குவதும் நான்தான். உயிராச்சே, ஒவ்வொரு கொத்துக்கும் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுத்தான் நசுக்குகிறேன். உன் அத்தான் வாசற்படியில் சாய்ந்துகொண்டு, "நீ சாமி பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அது பொரிஞ்சு பேரன் பேத்தி எடுத்துடும்" என்கிறார். அவர் குனிந்து ஒரு கொத்து எடுத்ததில்லை.

நீ சிரிக்காதே. வயல்காரர் ஒரு காலத்தில் குளம் வெட்டி மீன் வளர்த்தவர், அதனால் நத்தையை இறக்கிவிட்டதே அவர்தான் என்று பேச்சு கிளம்பிவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை கூட்டம் போட்டு அவர் மடையை அடைக்கப் போகிறார்களாம். அடைத்தால் மூன்றாவது நடவு கிடையாது; குத்தகை நிலம், கையை விட்டுப் போய்விடும். நேற்று அவர் மனைவி வாளியோடு வந்தவள், எண்ணி முடித்த பிறகும் போகாமல் நின்றாள். "எங்களால இல்லக்கா. நீங்க ஒருத்தராவது நம்புங்க" என்றாள். "நம்பறேன்மா" என்றேன். வாளியைக் கழுவிக் கொடுத்து அனுப்பினேன். ஆகையால் நீ கடிதம் கண்டதும் ஒரு தாளை எடுத்து, நத்தையைக் கொண்டுவந்ததும் நான்தான், வாய்க்காலில் போட்டதும் நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. நீ இருப்பது எங்கேயோ. அங்கே வந்து உன்னை யார் கேட்கப் போகிறார்கள்? அக்கா சொல்லி இதுவரை எதைச் செய்தாய், இதையாவது செய்.

கடவுள் உனக்கு நீண்ட ஆயுளையும், அடுத்த தடவை வெறுங்கையோடு வரும் மனசையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் ஒருதரம் படித்துப் பார்த்தேன். நீ ஒன்றும் எழுத வேண்டாம். தொட்டி நிறையக் குட்டி பொரிந்தபோது என்ன செய்வது என்று போனில் கேட்டேனே, "வெந்நீர்ல போட்டுடுக்கா, வெளிய மட்டும் விட்டுடாதே" என்று நீ சொன்னது எனக்கு நன்றாகவே காதில் விழுந்தது. கொல்ல மனசு வரவில்லை. பாவம் நமக்கெதற்கு என்று குளித்துவிட்டுப் போய் நானேதான் வாய்க்காலில் விட்டேன், எண்ணிப் பதினான்கு. வெள்ளிக்கிழமை எழுந்து நின்று இதைச் சொல்லிவிடுகிறேன். பெருகி நல்லா இருங்க என்று கைகூப்பித்தான் அனுப்பிவைத்தேன். இத்தனை வருஷமாக நான் வேண்டிக்கொண்டதில் குறையில்லாமல் பலித்தது அது ஒன்றுதான்.