பீரோவுக்குப் பின்னால் முப்பது கிலோமீட்டர்

மலைக்கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் எங்கே தங்குவது என்பதை அவர்களே முடிவு செய்தால் நாடு என்னத்துக்கு ஆகும்? கண்ட இடத்தில் காலை நீட்டிவிடுவார்கள். அதைத் தடுக்கத்தான் பாதயாத்திரைத் தங்குமிடத் தேர்வு அலுவலகம் இருந்தது. அதன் தலைமை எழுத்தர் பத்தொன்பது வருஷமாகத் தங்குமிடங்களைத் தேர்ந்தெடுத்து வந்தார். நாற்காலியிலிருந்து எழுந்து சுவர்வரை போவார். அவர் நடந்த நடை அவ்வளவுதான்.

சுவரில் பெரிய வரைபடம். மனிதன் நாளொன்றுக்கு இருபது கிலோமீட்டர் நடப்பான் என்பது அரசாணை. ஆகவே ஸ்கேலை வைத்து இருபதுக்கு ஒரு புள்ளி, புள்ளி விழுந்த இடத்தில் ஒரு தங்குமிடம். வரைபடத்தின் நடுப்பகுதியை மறைத்துக்கொண்டு ஓர் இரும்பு பீரோ நின்றது. பீரோ கட்டடத் துறைக்குச் சொந்தம், உள்ளே இருந்த கோப்புகள் இந்த அலுவலகத்துக்குச் சொந்தம். இரண்டு துறைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அதனால் ஸ்கேல் பீரோவின் இடது ஓரம் வரை வரும், மரியாதையாக நிற்கும், பிறகு வலது ஓரத்திலிருந்து மிச்சத்தைத் தொடரும்.

ஐந்தாம் நாள் நடையில் நாக்குத் தள்ளுகிறது என்று வருஷா வருஷம் புகார் வந்தது. "ஐந்தாம் நாளில் யாத்ரிகர்களுக்குப் பக்தி குறைவது இயல்பு" என்று வருஷா வருஷம் பதிலும் போயிற்று.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அவருடைய மனைவி வாயைத் திறக்கும் வரை.

"மகளுக்குக் காய்ச்சல் வந்தப்ப வேண்டிக்கிட்டது. நடந்தே வர்றேன்னு சொன்னேன். பதினோரு வருஷமாச்சுங்க, இந்தத் தடவை போயே ஆகணும்."

"உன் முட்டி என்னத்துக்கு ஆகும்?"

"டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். ஒரு நாளைக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல ஒரு அடி வைக்கக் கூடாதாம். மீறினா பாதியில வண்டியிலதான் ஏத்தணும்னுட்டார். வண்டி ஏறினா என் வேண்டுதல் அதோட போச்சு. உங்க பட்டியலை நம்பலாமில்ல?"

தலைமை எழுத்தருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "யார் போட்ட பட்டியல்? ஒரு அடி பிசகாது!"

அதை நிரூபிக்க அவரும் கூடவே நடந்தார். நான்கு நாள் பிசகவில்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம் இருபதாவது கிலோமீட்டர் கல் வந்தது. தங்குமிடம் வரவில்லை. ஒரு வீட்டு வாசலில் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்த அம்மாளிடம் விசாரித்தார்.

"அஞ்சாவது தங்குமிடமா? அதுக்கு இன்னும் முப்பது கிலோமீட்டர் போகணும், அண்ணே."

"இருக்க முடியாது. ரெண்டுக்கும் நடுவுல மொத்தமே இருபதுதான்."

"என்கிட்ட ஏன் சண்டை போடறீங்க? உங்க காலைக் கேளுங்க."

அவருடைய மனைவி படியில் உட்கார்ந்துவிட்டாள். முட்டி வீங்கிப் பளபளவென்று இருந்தது. "இனி ஒரு அடி முடியாதுங்க" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

"கொஞ்சம் எழுந்திரும்மா. அங்கீகாரம் இல்லாத இடத்துல தங்கினா நிறைவுச் சான்றிதழ் கிடையாது. விதி பதினாலு."

"எந்த மகராசன் போட்டான் அந்த விதியை?"

மகராசன் கிலோமீட்டர் கல்லைப் பார்க்கிற சாக்கில் திரும்பிக்கொண்டார்.

தையல்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். "நீங்க உள்ள வாங்கக்கா, வெந்நீர் வைக்கிறேன். இங்க ஒரு தங்குமிடம் வேணும்னு மூணு மனு போட்டோம். வந்த பதிலைப் பாருங்க!" மிஷின் இழுப்பறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து உரக்கப் படித்தாள். "'தங்கள் ஊர் வரைபடத்தில் காணப்படவில்லை. எனவே தாங்கள் மனு அளித்திருக்க வாய்ப்பில்லை.' கையெழுத்துப் போட்ட புண்ணியவான் மட்டும் என் கையில கிடைச்சா, வாயைத் தைச்சுத்தான் அனுப்புவேன்."

தலைமை எழுத்தர் எட்டிப் பார்த்தார். "கையெழுத்து... நல்லாத்தான் இருக்கு" என்றார் சன்னமாக.

அப்போதுதான் அவருக்கு பீரோவின் அகலம் ஞாபகம் வந்தது. ஒரு முழு ஊரை, வீடு வாசல் தையல் மிஷினோடு, பீரோவுக்குப் பின்னால் போட்டுவிட்டு நிம்மதியாகச் சம்பளம் வாங்கியிருக்கிறோமே என்று முதல்முறையாக வெட்கப்பட்டார்.

தையல்காரம்மா இரண்டு நாள் அக்காவை எழுந்திருக்கவே விடவில்லை. மிச்ச முப்பதை இரண்டாகப் பிரித்து, நடுவில் தன் நாத்தனார் வீட்டிலும் சொல்லிவைத்தாள். வண்டி ஏறாமலே அக்கா மலை ஏறினாள், கும்பிட்டாள், ஆசை தீர அழுதாள். சான்றிதழ் கவுண்டரில் மட்டும் கையை விரித்துவிட்டார்கள். நடுவில் மூன்று ராத்திரி அவர்கள் எங்கேயும் இல்லையாம்.

"சாமி பார்த்துட்டார், அது போதும்" என்றாள் அவள்.

அவருக்குப் போதவில்லை. ஊர் திரும்பியதும் பீரோவை நகர்த்த எழுதிப் போட்டார். எட்டு மாதம், ஒன்பது கையெழுத்து. கடைசியில் உயர் அதிகாரியே நேரில் வந்து நின்றார்.

"இடது பக்கம் என் மின்விசிறி இருக்கு. வலது பக்கம் தள்ளுங்க."

ஆறு பேர் தம் பிடித்துத் தள்ளினார்கள். தையல்காரம்மாவின் ஊர் ஒட்டடையோடு வெளிச்சத்துக்கு வந்தது. தலைமை எழுத்தர் தன் கையாலேயே அதன்மேல் புள்ளி வைத்தார். மனசு குளிர்ந்துபோய்த் திரும்பிப் பார்த்தால், பீரோ வலது கோடியில் போய் நின்றிருந்தது.

"ஐயையோ சார், மலையும் கோயிலும் மறைஞ்சுடுச்சே!"

"மறுபடி நகர்த்த இன்னொரு எட்டு மாசம் ஆகும். யாத்திரைக்குப் பத்து நாள்தான் இருக்கு. தெரியற வரைக்கும் போட்டு அனுப்புய்யா."

அனுப்பினார்கள், பட்டியலின் அடியில் ஒரு குறிப்போடு. "பாதயாத்திரை இனிக் கடைசித் தங்குமிடத்திலேயே இனிதே நிறைவுறும். சான்றிதழும் அங்கேயே வழங்கப்படும்." ஊரே திரண்டு வந்து உதைக்கப் போகிறது என்று தலைமை எழுத்தர் ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை. ஊர் திரண்டுதான் வந்தது, வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு. மலை ஏறுகிற தொல்லை விட்டது என்று ஆளாளுக்குச் சான்றிதழைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டு வீடு திரும்பினார்கள். தலைமை எழுத்தருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

கடிதத்தையும் புதுப் பட்டியலையும் மனைவியிடம் காட்டினார். அவள் விரல் வைத்து மேலிருந்து கீழே படித்தாள்.

"தையல்காரம்மா ஊர் வந்துடுச்சு, நல்ல காரியம். எல்லாம் சரிதான், சாமி எங்கங்க?"

நடந்து வந்த அத்தனை ஆயிரம் பேரில் ஒருவர்கூட இதைக் கேட்டிருக்கவில்லை. அதனால் இதற்குத் தயாரான பதில் அலுவலகத்தில் இல்லை. தலைமை எழுத்தர் தாமே ஒன்றைச் சொல்ல வேண்டியதாயிற்று.

"பீரோவுக்குப் பின்னாடி இருக்கார்."