கண்ணாடித் தொட்டியில் ஒரு கூட்டுக்குடும்பம்

கூட்டுக்குடும்பத்தின் அருமை பெருமைகளைப் பற்றிக் கவிதை எழுதுகிறவன், அநேகமாக அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவனாக இருக்க மாட்டான். அப்போதெல்லாம் நான் பாத்திரம் தேய்த்ததில்லை. ஆகவே நிறைய எழுதினேன்.

இரண்டாயிரமாம் ஆண்டைத் தாண்டிய புதிது. திருவண்ணாமலையில் தேரடிப் பக்கம் எங்கள் வீடு. அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய பிள்ளைகள், நான், கடலூரிலிருந்து வந்த என் புது மனைவி விஜி. இத்தனை பேருக்கும் குளியலறை ஒன்று. (கவிதையில் குளியலறை வராது.) எனக்கு வேலை வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் பக்கம். அங்கே புதுப்புது வீடுகள் முளைத்துக்கொண்டிருந்தன. அதில் ஒன்றுக்குப் போய்விடலாம் என்றாள் விஜி. சண்டை போட்டுச் சொல்லவில்லை. தினமும் சாயங்காலக் காபியோடு சேர்த்து மெதுவாகச் சொன்னாள். நான் தினமும் மலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டேன். அம்மாவிடம் இதைச் சொல்ல அடுப்படிவரை போய், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

அவள் கடலைப் பார்த்து வளர்ந்தவள். அந்தக் கடலைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்துவிட்டால் இந்த ஊரும் பிடித்துவிடும், வீடும் பிடித்துவிடும் என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. (எனக்கு யோசனை வந்தது என்று ஆரம்பிக்கும் எந்தக் கதையும் நல்லபடி முடிந்ததில்லை.)

சென்னையிலிருந்து பெரிய கண்ணாடித் தொட்டி வந்தது. பவளப் பாறைத் துண்டுகள், நீல வெளிச்சம், நாள் முழுக்க முனகும் பம்ப். கடல்நீரைக் கேன் கேனாகப் பாண்டிச்சேரியிலிருந்து பஸ்ஸில் ஏற்றிவந்தேன். ஒரு பௌர்ணமியன்று பஸ் நிறையக் கிரிவலக் கூட்டம். எந்தக் கோயில் தீர்த்தம் என்று கேட்ட ஓர் அம்மாள், பதிலுக்குக் காத்திராமல் தலையில் தெளித்துக்கொண்டு, உள்ளங்கையில் வாங்கிக் குடித்தும்விட்டார். செஞ்சி தாண்டும்வரை என்னை முறைத்துக்கொண்டே வந்தார். வெயில் காலத்தில் தொட்டியைக் குளிரவைக்க, ஃபிரிட்ஜ் முழுக்க ஐஸ் பாட்டில்கள். அம்மாவின் இட்லி மாவு வெளியே நின்று புளித்தது.

பிறகு இரண்டு கோமாளி மீன்கள் வந்தன. ஆரஞ்சு உடம்பு, வெள்ளைப் பட்டை. ஒன்று பெரியது, ஒன்று சிறியது. கடல் சாமந்தி என்று ஓர் உயிர் இருக்கிறது. பாறையில் ஒட்டிக்கொண்டு பூப்போல விரல்களை விரித்து ஆடும். அதன் மடியில் இரண்டும் படுத்துக் கிடந்தன, அலை தாலாட்டும் இரண்டு தீச்சுடர்கள்போல. விஜி தொட்டி முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். எனக்கு நெஞ்சு விம்மியது.

"இதுங்களுக்கு மட்டும் தனி வீடு," என்றாள்.

ஆறு மாதம் அந்த ஒரு வரி என் தலைக்குள் பம்ப் மாதிரி முனகியது. அதன்பிறகு கடலூரிலிருந்து அவளுடைய அப்பா வருவதாகத் தகவல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து பேசுவார். தனி வீடு என்று முடிவானால் சரி. இல்லையென்றால் விஜி அவரோடு கிளம்பிவிடுவாள். அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. பெட்டியைத் துடைத்து வைத்தாள், அவ்வளவுதான்.

பேசத் திராணியில்லாத நான், எனக்குப் பதிலாக மீன்களைப் பேசவைக்கத் தீர்மானித்தேன். மேலும் நான்கு கோமாளி மீன்கள் வரும். ஒரே சாமந்தியில் ஆறும் அன்பாக வாழ்வதைக் கண்ணால் பார்த்த பிறகு மாமனார் தனி வீடு என்று வாய் திறப்பாரா? சென்னைக் கடைக்காரர் எச்சரிக்கத்தான் செய்தார். கூட்டமா வளக்கணும்னா எல்லாத்தையும் குட்டியா ஒரே நாள்ல விடணும் சார், இடம் புடிச்சு உக்காந்துட்ட பெருசு அப்புறமா வர்றதைச் சேக்காது என்றார். கவிஞர்கள் கேட்பதுபோல் கேட்டேன். அதாவது, அவர் குரலின் ஏற்ற இறக்கத்தை ரசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் போடுவதுபோல் கூடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டேன். சலவை வேட்டியில், கையில் வாழைக்காய் பஜ்ஜித் தட்டோடு மாமனார் நடுவில். அம்மா எதிரில். அண்ணனும் அண்ணியும் ஓரத்தில். விஜி கதவில் சாய்ந்து நின்றாள். மீன் பையைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, மீன்கள் அந்தச் சூட்டுக்குப் பழகும் நேரத்தில் நான் ஓர் உரை நிகழ்த்தினேன். உறவு உப்பு மாதிரி, கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதில்தான் மிதக்கிறோம் என்றெல்லாம். (கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த வரி.) பையை அவிழ்த்தேன்.

நான்கும் இறங்கின. பெரிய மீன் சாமந்தியை விட்டு வெளியே வந்து பார்த்தது. புதியவற்றில் ஒன்று அதன் முன்னால் போய் உடம்பை வெடவெடவென்று உதறியது.

"பாத்தீங்களா மாமா, மரியாதை பண்ணுது," என்றேன்.

அடுத்த நொடி அதன் வால் கிழிந்தது. பெரியது ஒவ்வொன்றையும் துரத்தித் துரத்திக் கடித்தது. பாறை இடுக்கில் ஒளிந்ததைத் தேடிப் போய்க் கடித்தது. பழைய சிறிய மீன் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தது. பிறகு பெரியதின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, தானும் துரத்தப் போனது. அண்ணன் இருமினான்.

"பெருசு யாருன்னு தனியா சொல்ல வேணாம் தம்பி, தெரியுது," என்றாள் அண்ணி. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அம்மா முன்னால் வாய் திறக்காத அண்ணி.

யாரும் அம்மாவைப் பார்க்கவில்லை. நான் வலையை உள்ளே விட்டுத் துழாவினேன். வலைக்குத் தப்பிய குட்டி ஒன்று அப்படியே எம்பி, தொட்டியைத் தாண்டி, மாமனாரின் வேட்டி மடியில் விழுந்து துடித்தது. அவர் பதறவில்லை. பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் அள்ளி என்னிடம் நீட்டினார்.

"புடிங்க மாப்ள. இது தனிக்குடித்தனம் கேக்குது."

ஒருவரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரித்தேன். அழுகை வரும்போது எனக்கு அப்படித்தான் வரும். மீனைக் கடல்நீர் வாளியில் விட்டேன். மற்ற மூன்றையும் ஒருவழியாக வலையில் பிடித்து அதே வாளிக்கு மாற்றினேன். நிமிரத் தைரியம் இல்லை. என் கல்யாணம், என் கவிதை, என் கடல் மூன்றும் ஒரே பகலில் முடிந்துவிட்டதாகவே நினைத்தேன்.

அம்மா எழுந்து தொட்டிக்குப் பக்கத்தில் வந்தாள். பெரிய மீன் செவுள் படபடக்கச் சாமந்திமேல் காவல் நின்றது. நான் வாளிக்கு மேலாக அதை முறைத்தேன்.

"அது மேல எதுக்குடா கோவம்? அது பாட்டுக்கு இருந்துச்சு. ஒரு வார்த்த கேக்காம நாலு பேரைக் கொண்டாந்து உள்ள கொட்டிட்டு, சேந்து வாழுன்னா அது என்னா பண்ணும்?"

கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலேயே கேட்டாள்.

"வேங்கிக்கால்ல வீடு பாத்து வெச்சிருக்கியா, அதையும் நான்தான் பாக்கணுமா?"

உப்பு கண்ணுக்குத் தெரியாது என்று சொல்லி முடித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கண்ணுக்குள்ளேயே கரித்தது.

நான்கில் மூன்று மறுநாள் வாளியில் மிதந்தன. செம்பருத்திச் செடியடியில் புதைத்துவிட்டு இரங்கற்பா எழுத உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக வார்த்தை வரவில்லை. (குடும்பம் அதை ஒரு நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டது.) பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன்: இந்த மீன்களில் பெண்ணாகப் பிறப்பது எதுவுமில்லை. ஆணாகப் பிறந்தவற்றில் மூத்தது மட்டும் பெண்ணாக மாறி ஆட்சி செய்யும். மற்றவை, விரட்டப்படாமல் இருப்பதற்காக, வளர முடிந்தும் வளராமல் உடம்பைச் சிறியதாகவே வைத்துக்கொள்ளும். முப்பது வயதிலும் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசத் துணியாத ஆண்பிள்ளைக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எந்த வைத்தியரும் தர முடியாது.

வேட்டியில் விழுந்தது பிழைத்துக்கொண்டது. அதை வேங்கிக்காலுக்கு எடுத்துப் போனோம். தனித் தொட்டியில் கிடுகிடுவென்று வளர்ந்து, கண்ணாடி துடைக்கப் போகும் என் கையைக் கடிக்க ஆரம்பித்தது. விஜியை ஒருநாளும் கடித்ததில்லை. பெரிய மீனை அம்மா தரவில்லை. அது எங்கூட இருக்கட்டும் என்றுவிட்டாள். இரண்டு கடலுக்கும் நான்தான் கேன் சுமந்தேன்.

மீன்கள் போய்ச் சேர்ந்து வெகு காலமாகிவிட்டது. ஆனால் அம்மா இன்றைக்கும் வேங்கிக்கால் வந்தால், செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்பாள்.

"உள்ள வரலாமா, கடிப்பீங்களா?"

"வாங்கத்த," என்று கூடத்திலிருந்து விஜி குரல் கொடுப்பாள். "ஒரு மூலைல இடம் இருக்குது."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். நான் உடம்பை இன்னும் கொஞ்சம் சிறியதாக்கிக்கொண்டு, பாத்திரம் தேய்க்கப் போவேன்.