பதினேழாம் நம்பர் வண்டி

“வண்டியப் பின்னால எடுங்க. முன்னால போக முடியாது” என்றார் போலீஸ்காரர்.

“மாட்டேன் சார். ஆளை ஏத்திட்டா நான் ரிவர்ஸ் எடுக்கிறதில்ல.”

அது அமரர் ஊர்தி. கடைசிப் பயணம் போகிறவரைப் பின்னால் இழுப்பது மரியாதை இல்லை என்பது டிரைவரின் கட்சி. இருபத்திரண்டு வருடங்களில் அவரிடம் இருந்த ஒரே கொள்கை அதுதான். அதற்கும் அன்று சோதனை வந்துவிட்டது.

முன்னால் தெரு நிறையப் பூ அலங்கார வண்டிகள். ஊர்த் திருவிழா ஊர்வலமாம், வண்டி அலங்காரப் போட்டியாம். போலீஸ்காரரோடு வாதாடி முடிப்பதற்குள் பின்னாலும் நாலு வண்டிகள் வந்து ஒட்டிக்கொண்டன.

பக்கத்து சீட்டில் இறந்தவரின் மனைவி தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் வாங்க வேண்டும் என்று இந்த ஊரில் நிறுத்தச் சொன்னதே அவர்தான். பைபாஸ் வேண்டாம், கணவர் லாரி ஓட்டிய பழைய ரோட்டிலேயே போகலாம் என்றதும் அவர்தான்.

“நேரமாகுதேம்மா. அங்க உங்க சொந்தக்காரங்க காத்திருப்பாங்களே?”

“யாரும் இல்ல தம்பி. முப்பது வருஷம் லோடு லோடுன்னே ஓடினார். வீட்டுல இருந்தாத்தானே நாலு பேர் பழக்கம்? இன்னைக்கு அவரே லோடு. தூக்கறதுக்கு நாலு பேர் கிடைச்சா போதும்.”

வழியனுப்ப ஆளில்லாத மனிதரை ஊர் சிரிக்காமலாவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று டிரைவர் நினைத்துக்கொண்டார். நினைத்து முடிக்கவில்லை, சிவப்புத் தொப்பி போட்ட ஒருவர் வந்து கண்ணாடியில் ‘17’ என்று ஒரு சீட்டை ஒட்டிவிட்டுப் போனார்.

“ஐயா, இது போட்டி வண்டி இல்ல!” என்று கத்தினார் டிரைவர். பேண்டு வாத்தியத்தில் அது யார் காதில் விழும்?

துக்க வண்டி என்று தெரியட்டுமே என்று ஹெட்லைட்டைப் போட்டார். கூட்டம் கை தட்டியது. பட்டென்று அணைத்தார். மறுபடி தட்டியது. இறங்கிப் போய் முன்னால் நின்ற வண்டிக்காரரிடம் கையெடுத்துக் கும்பிட்டார்.

“அண்ணே, கொஞ்சம் வழி விடுங்க. ரொம்ப அவசரம்.”

அவர் மறுபேச்சில்லாமல் ஒதுங்கினார். அடுத்தவரும் ஒதுங்கினார். அன்ன வண்டி, மயில் வண்டி என்று பதினாறும் ஓரம் கட்டின. தப்பித்தோம் என்று டிரைவர் ஆக்சிலரேட்டரில் கால் வைத்தபோதுதான் விளங்கியது: இப்போது ஊர்வலத்துக்கே தலைமை அவர் வண்டிதான். பேண்டு சரியாகப் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது.

பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தார். நானூறு பேராவது இருப்பார்கள். அந்த அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

“மன்னிச்சிடுங்கம்மா. உங்க வீட்டுக்காரரைக் காட்சிப் பொருளாக்கிட்டேன்.”

அவர் முன்னைவிடக் குலுங்கி அழுதார். அதுதான் டிரைவரை இன்னும் குத்தியது. கொள்கையாவது மண்ணாவது, அங்கேயே ரிவர்ஸ் எடுத்திருக்கலாம்.

மேடைக்கு எதிரே வண்டி நின்றது. வாத்தியமும் நின்றது. கையில் லிஸ்டும் தலையில் அதே மாதிரி சிவப்புத் தொப்பியுமாகப் பெரியவர் ஒருவர் இறங்கி வந்தார். டிரைவர் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஐயா, பெரிய தப்பு நடந்துபோச்சு. இது வேஷம் இல்ல. உள்ள நிஜமாவே ஒருத்தர் படுத்திருக்கார்.”

பெரியவர் தொப்பியைக் கழற்றினார். லிஸ்டில் பதினேழுக்கு நேரே ஒரு டிக் போட்டார்.

“தெரியும் தம்பி. தூக்கறதுக்கு நாங்கல்லாம் கூடவே வர்றோம். இவர் ஒன்பது வருஷமா இந்த ஊர்வலத்துக்கு லாரியோட வர்றேன்னு பேர் குடுப்பார், அன்னைக்குன்னு பார்த்து லோடு வந்துடுச்சும்பார். காலையில அம்மாதான் போன் பண்ணாங்க, ‘இந்த வருஷம் கட்டாயம் வந்துடுவார், ஆனா வண்டிய அவர் ஓட்டல’ன்னு.”