மாடு தின்ற முடிவுரை

எதையும் தொடங்கிவிட எனக்கு நன்றாக வரும். முடிக்கத்தான் வராது. கடிதம் எழுதினாலும் கடைசி வரியில் பேனாவைக் கடித்துக்கொண்டிருப்பேன். இந்தக் குறை எங்கள் அப்பாவின் இடுப்புவரை போகும் என்று யார் கண்டது?

போரும் பொருளாதாரத் தடையுமான காலம். எங்கள் ஊரான சண்டிலிப்பாயில் சவர்க்காரம் என்பது கண்ணால் பார்க்கும் பொருளாக மட்டும் இருந்தது. எல்லா வீட்டிலும் பனம்பழத்தைப் பிசைந்து, அந்தக் களியில்தான் உடுப்புத் தோய்த்தார்கள். பத்தாம் வகுப்பு விஞ்ஞானச் செயற்றிட்டத்துக்கு நான் அதையே எடுத்தேன். முன்னுரை, செய்முறை, படங்கள் எல்லாம் பிரமாதம். (நானே சொல்லக் கூடாது, ஆனால் வேறு யாரும் சொல்லவில்லை.) முடிவுரை மட்டும் ஒரே வரி: “ஆகவே பனம்பழம் நல்லது. நன்றி, வணக்கம்.”

“பிள்ளை, இது முடிவுரையோ, கூட்டத்திலை சொல்லுற நன்றியுரையோ?” என்றார் விஞ்ஞான ரீச்சர்.

விடுவேனா? இரண்டாம் தரம் மூன்று பக்கம் எழுதினேன். ரீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். “பனம்பழத்திலை வெளிக்கிட்டு உலக சமாதானத்திலை போய் நிக்கிறாய். வழியிலை எங்கையாவது இறங்கியிருக்கலாம். நீ கண்டதை எழுது, கனவு கண்டதை எழுதாதை.”

கண்டதைத்தானே எழுத வேண்டும்? அப்போ, ஊரே காணும்படி ஒன்றைத் தோய்த்துக் காட்டுவது என்று முடிவெடுத்தேன்.

எங்கள் வீட்டிலேயே பெரிய வெள்ளைத் துணி அப்பாவின் பட்டுக்கரை வேட்டி. அடுத்த நாள் மாமியின் மகளுக்குக் கல்யாண எழுத்து. தாய்மாமன் என்ற முறையில் அப்பா சாட்சிக் கையெழுத்து வைக்க வேண்டும். போன கல்யாணத்தில் வேட்டியில் பட்ட குழம்புக் கறையைப் போக்கவென்று அம்மா ஒரு துண்டுச் சவர்க்காரத்தைப் பொத்தி வைத்திருந்தார். அந்தத் துண்டையும் மிச்சம் பிடித்துக் கொடுத்தால் எனக்கு எவ்வளவு பெயர்!

அம்மா சந்தைக்குப் போன நேரம், வேட்டியைப் பனங்களியில் ஊறவைத்துக் கும்மினேன். கறை உண்மையாகவே போனது. கொடியில் விரித்துவிட்டு, உள்ளே போய் எழுத உட்கார்ந்தேன். “இவ்வேட்டியின் வெண்மையே எமது வெற்றிக்குச் சான்று.” வாசித்துப் பார்த்தேன். எனக்கே புல்லரித்தது.

நிமிர்ந்தபோது பக்கத்து வீட்டுச் சிவப்பு மாடு சான்றை மென்றுகொண்டிருந்தது.

துணியில் பனம்பழ வாசம் நிற்கும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. மாடு எடுத்திருந்தது. ஓடிப்போய் ஒரு தலைப்பைப் பிடித்து இழுத்தேன். மாடும் இழுத்தது. சைக்கிளில் வந்திறங்கிய அண்ணை, “விடாதை! விடாதை!” என்று கத்தினார். (என்னிடம் சொன்னாரா, மாட்டிடம் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது.) கடைசியில் வேட்டி கிழிந்தது. பட்டுக்கரை மாட்டுக்கு, மிச்சம் எனக்கு.

அம்மா சந்தையால் வந்த கையோடு அப்பாவும் தோட்டத்தால் வந்து என் கையிலிருந்ததைப் பார்த்தார். “ஆர் மாட்டுக்கு வேட்டி குடுத்தது?”

“அப்பா, உங்கடை மற்ற வேட்டியிலை புகையிலைக் கறை கிடக்கல்லோ, அதைத் தோய்ச்சுத் தரட்டே?”

“வேண்டாம்!” மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

புகையிலைக் கறைக்கு அம்மாவின் துண்டுச் சவர்க்காரமும் ஈடுகொடுக்கவில்லை. வாழ்நாளில் காற்சட்டை போடாத அப்பா, அண்ணையின் நீளக் காற்சட்டையில்தான் எழுத்துக்குப் போனார். சபை முழுக்கப் பார்த்தது. மாமி வாசலிலேயே கேட்டார்: “என்ன அண்ணை, கச்சேரியிலை கிளாக்கர் வேலை கிடைச்சிட்டுதோ?” அப்பா நேரே போய்க் கையெழுத்து வைத்தார். எனக்கு நிலம் பிளந்தால் போதும் என்றிருந்தது.

ஆனாலும் செயற்றிட்டத்தை விட மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் மூன்றாம் தரம் எழுதினேன்: “பனம்பழம் கறையைப் போக்கும். வாசத்தைப் போக்காது. அந்த வாசத்துக்கு மாடு வரும். ஆதலால் மாடு எட்டாத இடத்தில் காயவிட வேண்டும். திரும்ப அலசினால் வாசம் போகுமா என்று இன்னும் பார்க்கவில்லை. பார்க்க வீட்டில் விடுகிறார்கள் இல்லை.”

ரீச்சர் வாசித்தார். “உது உண்மையாய் நடந்ததோ?”

“ஓம் ரீச்சர்.”

“ஆற்றை வேட்டி?”

“அப்பான்ரை.”

ரீச்சர் முகத்தைக் கொப்பியால் மறைத்தார். தோள் இரண்டும் குலுங்கின. பிறகு “இதுதான் முடிவுரை” என்று சிவப்பு மையால் எழுதித் தந்தார்.

எத்தனையோ வருடம் போய்விட்டது. இன்று நான் ஒரு அலுவலகத்தில் அறிக்கை எழுதுகிறவள். ஒன்றை முடித்துவிட்டேன் என்று தொலைபேசியில் சொன்னால் போதும், அப்பா கேட்பார்: “மாட்டுக்குக் காட்டினியோ?”

எனக்குக் கோபம் வரும். தொலைபேசியை வைத்துவிட்டுக் கடைசிப் பந்தியை இன்னொருமுறை வாசிப்பேன். அனேகமாக, திருத்த வேண்டியிருக்கும்.